பன்றிக்குட்டிக்கு நேர்ந்த மொட்டை

திருத்தணியில் பாதிப் பேருக்கு எங்கள் அண்ணி பாஞ்சாலியைத் தெரியும். மீதிப் பேரை அண்ணிக்குத் தெரியும், அவர்கள் எடையோடு சேர்த்து. இருபத்திரண்டு வருடமாக அங்கன்வாடி டீச்சர். இன்றைக்கு மீசை முறுக்கிக்கொண்டு பைக்கில் பறக்கிற பையனை நடுரோட்டில் நிறுத்தி, "டேய், ஒன்றரை வயசுல நீ ஏழு கிலோதான்டா இருந்தே. இப்பவாச்சும் ஒழுங்கா சாப்புடுறியா?" என்று கேட்பார். அவனும் வண்டியை நிறுத்தி, "சாப்புடுறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

அங்கன்வாடியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வளர்ச்சி அட்டை உண்டு. மாதாமாதம் எடை போட்டு, புள்ளி வைத்து, கோடு இழுக்க வேண்டும். கோடு பச்சையில் போனால் குழந்தை நன்றாக இருக்கிறது. மஞ்சளுக்கு இறங்கினால் கவனிக்க வேண்டும். சிவப்புக்குப் போய்விட்டால் அண்ணி அந்த வீட்டு வாசலிலேயே போய் உட்கார்ந்துகொள்வார். குழந்தை கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்து முடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டார். "என் ஏரியாவுல சிவப்புல ஒரு உசுரு இருக்கக் கூடாது" என்பது அவர் பேச்சு. அதைக் குழந்தைகளோடு நிறுத்தியிருந்தால் எங்கள் குடும்பம் நிம்மதியாக ஒரு கல்யாணம் நடத்தியிருக்கும்.

நான் தணிகாசலம். அண்ணிக்குக் கொழுந்தன். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மனுவும் எழுதித் தருவேன். அண்ணன் ராஜமாணிக்கம் அரக்கோணத்தில் ரயில்வே பிட்டர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே தோட்டம், நடுவில் இடுப்பளவு சுவர். அந்தச் சுவர் இன்னும் ரெண்டடி உயரமாக இருந்திருக்கலாம் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

போன வருடம் ஆடி முடிகிற நேரம். அண்ணன் மகள் கயல்விழிக்கு ஆவணியில் கல்யாணம் குறித்திருந்தது, இன்னும் நாலு வாரம். கயல் சென்னையில் பேங்கில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வளவன் அம்மையார்குப்பத்துப் பையன், தறி போட்டிருக்கிற குடும்பம். அன்றைக்கு மத்தியானம் பத்திரிகையின் அச்சுப்பிழை பார்ப்பதற்காக அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி ரெஜிஸ்டர் வைக்கிற துணிப்பையோடு வந்தார். பை முனகியது.

"இன்னா அண்ணி அது?"

"குழந்தை" என்றார். அப்புறம் பையை விரித்தார். உள்ளே, தடுப்பூசி ரெஜிஸ்டருக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் நடுவில், ரோஜா நிறத்தில் ஒரு பன்றிக்குட்டி. என் உள்ளங்கையில் அடங்கும். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஆற்றங்கரையில் பன்றி வளர்க்கிற வீரபத்திரன் வீட்டுக்குப் பேத்தியின் எடை பார்க்கப் போயிருக்கிறார். அங்கே தாய்ப்பன்றி பதினொரு குட்டி போட்டிருக்கிறது, பால் சுரக்கிற காம்பு பத்துதான். பதினோராவதை மற்றதுகள் மிதித்துத் தள்ளிவிட்டன. "அது ரெண்டு நாள் தாங்காது டீச்சர், உட்டுடுங்க" என்று வீரபத்திரன் சொல்லியிருக்கிறார். விட்டுடு என்று ஒருவர் சொன்னால் அண்ணி அதைத் தூக்கிக்கொள்வார் என்பது இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே தெரியும், வீரபத்திரனுக்கு மட்டும் தெரியவில்லை.

முதல் வேலையாக எடை போட்டார். மீன் விற்கிறவர்கள் கையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. அதில் அண்ணனின் பழைய பனியனைத் தூளியாகக் கட்டிக் குட்டியைப் போட்டார். அறுநூற்றைம்பது கிராம். பிறகு என் கடைக்கு வந்து ஒரு வளர்ச்சி அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். பெயர் என்ற இடத்தில் "குட்டி" என்று எழுதினார். தாய் பெயர் என்ற இடத்தில் "வீரபத்திரன் வீட்டுப் பன்றி". புள்ளி வைக்கப் பார்த்தால் இடமில்லை. அறுநூற்றைம்பது கிராம் சிவப்புக்கும் கீழே, அட்டைக்கே வெளியே விழுந்தது. அண்ணி கலங்கவில்லை. அட்டைக்கு அடியில் இன்னொரு காகிதத்தை ஒட்டி, அதில் புள்ளி வைத்தார்.

அன்றிலிருந்து அந்த வீடு வீடாக இல்லை. கல்யாணச் சேலைகள் வைத்திருந்த அட்டைப்பெட்டி காலியாகி அதில் குட்டி படுத்தது. பக்கத்தில் துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில். வெந்நீர் ஆறினால் அண்ணனின் சட்டைக்கு இஸ்திரி போடுவதை நிறுத்திவிட்டு, அதே இஸ்திரிப் பெட்டியால் குட்டியின் படுக்கைத் துணியைச் சூடு செய்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆட்டுப்பால், ஊசியில்லாத சிரிஞ்சில். ஒவ்வொரு தடவையும் செல்போனில் கந்த சஷ்டி பாட்டு அலாரமாக அடிக்கும். கல்யாண வேலைக்கு வந்த உறவுக்காரர்கள் பக்தியான வீடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உள்ளே பன்றி பால் குடித்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அங்கன்வாடிச் சத்துமாவில் ஒரு சிட்டிகைகூட அண்ணி எடுத்து வரவில்லை. "அது குழந்தைங்களோடது" என்று சொல்லி, வீட்டிலேயே கேழ்வரகும் கடலையும் வறுத்துத் தனியாக மாவு அரைத்தார். கல்யாண வீட்டில் சீர் முறுக்குக்கு அரைத்த மாவு காணாமல் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

மூன்றாம் நாள் காலையில் பால் வாயிலிருந்து வெளியே வழிந்தது. குட்டி விழுங்கவில்லை. உடம்பு சில்லிட்டுவிட்டது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி அதைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே தோட்டத்துக்கு ஓடி வந்தார். எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் மலை தெரியும். இந்த ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், அதுதான் ஆபத்து. வெளியூர்க்காரன் வாய்தவறி எதையாவது வேண்டிக்கொண்டால், பஸ் ஏறி வருவதற்குள் மனசு மாறலாம். நாங்கள் நிமிர்ந்து பார்த்தாலே போச்சு, சாமி கேட்டாயிற்று.

"முருகா, இது பொழைச்சா என் முடியைத் தரேன். முழு மொட்டை" என்று சத்தமாகச் சொன்னார்.

என் வாயிலிருந்த பேஸ்டை நான் விழுங்கிவிட்டேன். அண்ணியின் முடி சாதாரண முடி இல்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு நரை கிடையாது, இடுப்புக்குக் கீழே தொங்கும். அந்த வீட்டில் அவர் பெருமைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றைத்தான். கல்யாணத்தன்று அம்மாவுக்கு என்ன கொண்டை, எத்தனை முழம் மல்லி என்பதுவரை கயல் பார்லர்காரியிடம் பேசி வைத்திருந்தாள்.

"அண்ணி, கல்யாணம்" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. அதே நிமிஷம் தலைப்புக்குள் குட்டி ஒரு தும்மல் போட்டது.

அன்று சாயங்காலமே கயலுக்குப் போன் போயிற்று. நான்தான் போட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினாள். பெட்டிக்குள் தூங்குகிற குட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"பன்னிக்கு மொட்டையாம்மா? கல்யாணப் போட்டோவுல மொட்டைத் தலையோட நிப்பியா? காலம்பூரா அந்த ஆல்பத்தைப் பார்த்துகினு நான் இன்னா சொல்றது?"

"முருகன்கிட்ட சொல்லிட்டேன் கண்ணு."

"அப்ப மொட்டை போட்டுகினா மேடைக்கு வராதே. சித்தி நிக்கட்டும் உன் எடத்துல."

சித்தி என்றது என் மனைவியை. சொல்லிவிட்டு அவளே அழுதாள். அண்ணி அழவில்லை. "சரிம்மா" என்றார். மேடையில் நின்று, அண்ணன் கையில் பெண்ணின் கையை வைத்து, தண்ணீர் வார்க்க வேண்டியவர் அவர். ஒரே மகள். அந்த "சரிம்மா" என் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டம் போட்டார். முதல் யோசனை பூமுடி. பெண்கள் முழு மொட்டைக்குப் பதிலாகக் கொஞ்சம் முடியைக் கத்தரித்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "பூமுடின்னு சொல்லியிருந்தா பூமுடி. முழு மொட்டைன்னு சொல்லிட்டேன். தணிகாசலம் கேட்டான்." எல்லோரும் என்னை ஏதோ நான் வேண்டிக்கொண்ட மாதிரி முறைத்தார்கள்.

அப்போது நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். மனு எழுதுகிறவனுக்கு வாக்கியத்தில் ஓட்டை தேடுவதுதான் பிழைப்பு. "பொழைச்சான்னுதானே சொன்னீங்க? எப்ப பொழைச்சதா அர்த்தம்? அதுக்கு ஒரு நாள் வோணாமா?" என்று கேட்டேன். அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் பிழைத்தது என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அண்ணி யோசித்தார். "அதை நாம முடிவு பண்ணக் கூடாது. பன்னி வளர்க்கிறவர் சொல்லட்டும்" என்றார்.

வீரபத்திரனைக் கூப்பிட்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். காபி கொடுத்தோம். வாழ்க்கையில் இத்தனை பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்ததில்லை போல. காபியை மெதுவாகக் குடித்தார்.

"பால் குடிக்கிறதெல்லாம் கணக்கு இல்லீங்க. பன்னி மூக்கால மண்ணைப் பொரட்டணும். பொரட்டுனதுல எத்தையாச்சும் கவ்வித் தின்னணும். தின்னுடுச்சின்னா அப்பறம் அதுக்கு நாம வோணாம். அதான் பொழைச்சது."

"ஆங், அதான் சரி" என்றார் அண்ணி. மலை திசை பார்த்துத் தலையாட்டினார். சட்டம் நிறைவேறியது.

அண்ணன் அன்று ராத்திரிச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் லீவு போட்டார். பன்னிரண்டு மூட்டை சிமெண்டும் ஒரு லோடு ஜல்லியும் வந்து இறங்கின. "விருந்தாளிங்க கை கழுவற எடம், சேறா இருந்தா நல்லா இருக்காது" என்று அண்ணியிடம் சொன்னார். இரண்டே நாளில் தோட்டமும் வாசலும் முழுக்கச் சிமெண்டுத் தரை. கறிவேப்பிலை மரத்தின் அடியில்கூட ஒரு விரல் மண் விடவில்லை. துளசி மாடத்துத் தொட்டி மொட்டை மாடிக்குப் போயிற்று. மூட்டை தூக்கியது நான். பன்றி மூக்கு வைக்க மண்ணில்லாத ஒரு வீட்டை இந்தத் தாலுகாவிலேயே நாங்கள்தான் கட்டினோம். வாசலில் பந்தக்கால் நடுகிற மூலையை மட்டும் விட்டுவைத்தார், தகர டின்னில் மணல் போட்டு நடுவது அண்ணனுக்குப் பிடிக்காது. அந்த மூலையையும் தகடு போட்டு மூடி, மேலே ஒரு கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்தார்.

அண்ணி சிமெண்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனால் வேண்டிய மட்டும் மண் இருக்கிறது. அவர் போகவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அவருக்கும் மேடையில் நிற்க ஆசை இருந்தது. கயலுக்கு எடுத்த பட்டின் அதே கரையில் தனக்கும் ஒன்று எடுத்திருந்தார். அதை எடுத்து மடித்து வைப்பதையும், மறுபடி எடுத்து மடித்து வைப்பதையும் சுவருக்கு மேலாக நான் பார்த்திருக்கிறேன்.

குட்டி நாளுக்கு நாள் தேறியது. சிமெண்டுத் தரையில் நகம் டக் டக் என்று அடிக்க அண்ணி பின்னாலேயே ஓடும். அவர் குளிக்கப் போனால் குளியலறைக் கதவை முட்டும். பத்தாம் நாள் ஒரு கிலோ நானூறு. பதினெட்டாம் நாள் இரண்டு கிலோ இருநூறு. ஒட்டுக்காகிதத்திலிருந்து ஏறி அட்டைக்குள்ளேயே வந்துவிட்டது கோடு. மஞ்சளில் புள்ளி வைத்த அன்று அண்ணி கேசரி கிளறினார். அண்ணனும் நானும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

அப்புறம் கோடு திரும்பியது. குட்டி ஓடுவதை விட்டது. காதும் மூக்கும் காகிதம் மாதிரி வெளுத்தன. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். எடை ஒன்று தொள்ளாயிரத்துக்கு இறங்கியது. சிவப்பு. பந்தக்காலுக்கு முந்தின நாள் அண்ணி என்னைக் கூப்பிட்டார். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் வந்தார்.

டாக்டரம்மா குட்டியின் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். "ரத்தமே இல்லையேம்மா. எங்க வச்சி வளர்க்கிறீங்க?"

"வீட்டுலதான். சுத்தமா, சிமெண்டுத் தரையில" என்றேன் நான், கொஞ்சம் பெருமையாகவே.

"அதான் கேடு. தாய்ப்பாலா இருந்தாலும் ஆட்டுப்பாலா இருந்தாலும் அதுல இரும்புச்சத்து பத்தாது. பன்னிக்குட்டிங்க மண்ணைக் கிளறி, அதுல இருந்துதான் எடுத்துக்கும். ஊசி போடறேன். ஆனா இதை மண்ணுல விடுங்க. சிமெண்டுல வச்சே கொன்னுடாதீங்க."

நான் மனு எழுதிப் பிழைக்கிறவன், எனக்கு வெட்கம் கொஞ்சம் கம்மி. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கைப்பிடி உயிர் மண்ணில் மூக்கு வைத்துவிடக் கூடாது என்று பன்னிரண்டு மூட்டை சுமந்த தோள் இது. திரும்பி வரும்போது அண்ணி வழியெல்லாம் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், "எனக்குத் தெரியும் தம்பி, எதுக்குச் சிமெண்டு போட்டீங்கன்னு. தெரிஞ்சுதான் இருந்தேன்" என்றார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பந்தக்கால். வாசல் நிறைய உறவுக்காரர்கள். கயலும் வந்திருந்தாள். சிலிண்டரை நகர்த்தி, தகட்டை எடுத்து, குழி தோண்டியாயிற்று. பக்கத்தில் ஈரமான செம்மண் குவியல். குழியில் பாலும் ஊறவைத்த நவதானியமும் போட வேண்டும். ஐந்து சுமங்கலிகளில் முதல் ஆள் அண்ணி. பித்தளைச் சொம்பில் பால் வைத்திருந்தார். மேளக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். குட்டியைப் பார்க்க வந்த வீரபத்திரன் கேட் ஓரமாக நின்றார்.

அண்ணி பாலை ஊற்றினார். தானியத்தைப் போட்டார். சொம்பை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார். பூச்சரம் எடுக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். குட்டியோடு வந்தார்.

அண்ணன் புரிந்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் தம்பி அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தியது அதுதான் முதல் தடவை. "உட்றா" என்றார். விடவில்லை.

அண்ணி குட்டியை மண் குவியலின் மேல் விட்டார். அது நின்றது. கால் புதைந்தது அதற்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. மூக்கைக் கீழே கொண்டுபோனது. இழுத்துக்கொண்டது. ஐம்பது பேர் ஒரு பன்றியின் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அது மூக்கைக் கண்வரைக்கும் மண்ணுக்குள் செருகி, ஒரு தள்ளு தள்ளி, குழியோரம் சிந்திக் கிடந்த பச்சைப்பயறைக் கவ்வி, நறநறவென்று மென்றது.

"பொழைச்சிட்டான் டீச்சர்!" என்று வீரபத்திரன் கத்தினார்.

அந்தச் சத்தத்தைப் பந்தக்கால் நடச் சொல்கிற சைகை என்று நினைத்து மேளக்காரர் கெட்டிமேளம் வாசித்தார். வந்தவர்கள் அட்சதையைப் போட்டார்கள். பாதி பந்தக்கால் மேலும் பாதி பன்றி மேலும் விழுந்தது. அது அட்சதையையும் பொறுக்கித் தின்றது. கயல் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அண்ணி மலைக்குக் கிளம்பினார். அண்ணன் வரவில்லை. நான்தான் கூடப் போனேன். படியேறும்போது, "அண்ணி, நானும் போட்டுகிறேன், உங்களுக்குத் துணையா" என்றேன்.

"உனக்கு எங்கப்பா முடி இருக்குது? முருகனை ஏமாத்தாதே" என்றார்.

முடி இறக்குகிற இடத்தில் பின்னலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். ஈரமான முடி கற்றை கற்றையாக விழுந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தபோது அவர் தலை சின்னதாக இருந்தது. தரிசனம் முடிந்து இறங்கும்போது, கை இரண்டு தடவை தானாகப் பின்னால் போய்ப் பின்னலைத் தேடிவிட்டுத் திரும்பியது.

இறங்கி வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஜெயம்மாவுக்குப் போன் போட்டு, "கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு எங்க அண்ணி மொட்டை போட்டுகினாங்க" என்று சொல்லிவிட்டேன். இதைவிட நல்ல பொய்யை என் இருபது வருட மனு வாழ்க்கையில் எழுதியதில்லை.

கல்யாணத்தன்று அண்ணி சொன்ன சொல் தவறாமல் மேடைப் பக்கமே வரவில்லை. புதுப்பட்டைக் கட்டிக்கொண்டு மண்டபத்தின் கடைசி வரிசையில், சாப்பாட்டுக்கூடக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேடையில் அண்ணனுக்குப் பக்கத்தில் என் மனைவி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். கயல் குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் கடைசி வரிசைக்குப் போய் அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ஜெயம்மா மேடையிலிருந்து இறங்கி, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணியைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சம்பந்தி, எங்க வளவனுக்காகவா இத்தனை முடியைக் கொடுத்தீங்க? நான் இன்னா செய்வேன் உங்களுக்கு?"

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். ஒரு "ஆங்" போதும். எல்லாம் சரியாகிவிடும். ஆனால் ஒருவருக்கு நேர்ந்ததை இன்னொருவர் பேரில் சொன்னால் நேர்ந்தது போய்ச் சேராது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அண்ணிக்குத் தெரியாதா?

"இல்லீங்க சம்பந்தி. ஒரு பன்னிக்குட்டிக்கு" என்றார்.

ஜெயம்மாவின் பிடி தளர்ந்தது. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணம் இந்த இடத்தில் நின்றுபோகும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஜெயம்மா அண்ணியின் மொட்டைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பொழைச்சிதா?" என்று கேட்டார்.

நாலு வாரம். அண்ணன் கேட்டது "இன்னும் இருக்குதா?" கயல் கேட்டது "எப்பதான் போவும்?" நான் கேட்டது எத்தனை கிலோ என்று, அதுவும் பயந்துகொண்டு. இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்தது. மலையில் முடி விழுந்தபோது அழாதவர், மேடைக்கு வராதே என்றபோது அழாதவர், ஜெயம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"பொழைச்சிட்டான். வாசல்ல கட்டுன வாழைமரத்தோட அடியெல்லாம் கடிச்சிட்டான்."

"அப்ப இன்னாத்துக்கு இங்க உக்காந்துகினு இருக்கீங்க? அய்யரு கூப்புடறாரு, தண்ணி வார்க்கணும், வாங்க" என்று ஜெயம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அண்ணி பாதி வழியில் நின்று மேடையைப் பார்த்தார். "கயலு வோணாம்னு சொல்லிச்சிங்க" என்றார். அது அவர் நினைத்ததைவிடச் சத்தமாகக் கேட்டுவிட்டது. கயல் நிமிர்ந்தாள். முந்தானையால் தலையை மூடப் பார்த்துக்கொண்டு, நடுமண்டபத்தில் தயங்கி நிற்கிற அம்மாவைப் பார்த்தாள். அவள் முகம் கோணியது. மாலையோடு எழுந்து மேடைப்படி வரைக்கும் வந்து கையை நீட்டினாள். என் மனைவி செம்பை அண்ணியிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

அப்போது போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, "அம்மா, லைட்டு தலையில அடிக்குது, நீங்க கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க" என்றார்.

"எங்கம்மா இங்கதான் நிப்பாங்க. நீங்க பின்னால போங்க" என்றாள் கயல்.

போட்டோகிராபர் பின்னால் போனார்.